மொட்டை மாடி விளக்கு

"இதை அணைக்கிற சுவிட்ச் எங்கே இருக்கு?" என்று கேட்டான் அவன்.

"என் ரூம்லதான் சார்," என்றார் வாட்ச்மேன்.

"அப்ப அணைங்களேன்."

"அது எப்படி சார்? செக்ரட்டரியை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

யாரையும் ஒரு வார்த்தை கேட்கும் தெம்பு அவனுக்கு இல்லை. வானியலைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

மனைவி இறந்த பிறகு அக்கா வாராவாரம் போன் செய்து ஒரே பல்லவியைப் பாடினாள். "கடை விட்டா வீடு, வீடு விட்டா கடை. இப்படியே இருந்தா வேன் எடுத்துட்டு வந்து உன்னையும் சாமானையும் அள்ளிட்டுப் போயிடுவேன்." அக்கா சொன்னால் செய்கிறவள். அவனுக்கோ அந்த வீட்டை விட்டு நகர மனமில்லை. மனைவி மடித்து வைத்த துண்டுகள் அலமாரியில் இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

வேனைத் தடுக்க ஒரு பொழுதுபோக்கு தேவைப்பட்டது. மனிதர்கள் இல்லாத பொழுதுபோக்கு.

"ஆன்லைன்ல வானியல் படிக்கிறேன்க்கா. மாடியில உட்கார்ந்து வியாழனோட பெரிய நிலா நாலையும் தினம் பாத்து வரையணும். அனுப்பினா சர்டிபிகேட்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. தனியாதான்."

"வெளிச்சம்?"

"இருக்கவே கூடாது. கும்மிருட்டு வேணும்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "சரி. மாசக் கடைசியில சர்டிபிகேட்டைக் காட்டு. இல்லேன்னா வேன்."

மொட்டை மாடி மனைவியின் இலாகா. துணி உலர்த்த அவள்தான் போவாள். அவன் ஏறியதே இல்லை. தொலைநோக்கியைச் சுமந்துகொண்டு முதல்முறையாக ஏறியபோது, நட்டநடுவில் ஒரு விளக்கு கால்பந்து மைதானத்துக்கே போதுமான அளவுக்கு எரிந்தது. புது வயர் பளபளத்தது. வானத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

ஆகவே செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினான். அவர் ஓய்வு பெற்றவர். பேச்சு மூட்டுவலியில் ஆரம்பித்து, மருமகனின் குணங்களைச் சுற்றி, மாடி விளக்கை அடைவதற்குள் அன்றைய வியாழன் மறைந்துவிட்டது. ஆனாலும் அனுமதி கிடைத்தது.

மறுநாள் விளக்கு அணைந்தது. துணி எடுக்க வந்த மூன்றாம் மாடி டீச்சர், தொலைநோக்கியின் முக்காலியில் தடுக்கி, துணிக் குவியலோடு விழுந்தார்.

"யாருய்யா அது இருட்டுல?"

"நான்தான் டீச்சர். நட்சத்திரம் பாக்கறேன்."

"எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது. கண்ணு முன்னாடி ஏழெட்டு."

டீச்சருக்கு வெளிச்சம் வேண்டும், அவனுக்கு இருட்டு வேண்டும். சிவப்பு வெளிச்சத்தில் கண்ணுக்கு இருட்டுப் பழக்கம் கெடாது என்று பாடத்தில் படித்திருந்தான். விளக்கைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினான். எல்லாரையும் திருப்திப்படுத்திய களைப்போடு உட்கார்ந்தான்.

எதிர் பிளாக் பல் டாக்டர் தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். "எங்கே தீ?"

"தீ இல்லைங்க. கண்ணாடித்தாள்."

"அப்ப இந்தக் குழாய் எதுக்கு? எங்க சமையலறையைப் பாத்து நிக்குது!"

இனி இந்த வம்பே வேண்டாம் என்று லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினான்: 'மாடியில் வானியல் பயிற்சி நடைபெறுகிறது. யாரும் பயப்பட வேண்டாம்.'

அதைப் படித்த பிறகுதான் எல்லாரும் பயந்தார்கள். அவசரக் கூட்டம் நடந்தது. குழாய் வழியாக உண்மையில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரும் நேரில் பார்த்துச் சந்தேகம் தெளிய வேண்டும் என்று செக்ரட்டரி தீர்ப்பு சொன்னார்.

சந்தேகம் தெளிந்தவர்கள் மறுநாளும் வந்தார்கள்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். பகலெல்லாம் "இது தெளிவா இருக்கா, முன்னாடி பாத்தது தெளிவா?" என்று கேட்பது அவன் பிழைப்பு. இப்போது பொழுது சாய்ந்தும் மாடியில் அதே கேள்வி. பூமி சுற்றுவதால் கோள் குழாயை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். யாராவது முக்காலியை உதைத்தால் வியாழன் தந்தி அடித்தது. அவன் ஒரு கோடுகூட வரையவில்லை.

"தம்பி, நேத்து நாலு பொட்டு இருந்துச்சு. இன்னிக்கு மூணுதான் இருக்கு," என்றார் டீச்சர். "ஒண்ணைத் தொலைச்சிட்டீங்களா?"

"பின்னாடி போயிருக்கு டீச்சர்."

"திரும்ப வந்துடுமா?"

"வந்துடும்," என்றான். பிறகு திருகாணியைத் திருகுவதுபோல் சற்று நேரம் குனிந்தே நின்றான்.

மாசக் கடைசியில் அக்கா போன் செய்தாள்.

"சர்டிபிகேட் இல்லக்கா. ஒரு படம்கூட வரையல. வேனுக்குச் சொல்லிடு."

"அது இருக்கட்டும். அங்க என்னடா சத்தம்?"

"பல் டாக்டரும் செக்ரட்டரியும் அடிச்சுக்கறாங்க. யாரு முதல்ல பாக்கறதுன்னு."

"நீ என்ன பண்ணினே?"

"ரெண்டு பேரையும் திட்டினேன். தொண்டையே கட்டிப்போச்சு."

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "வேன் எல்லாம் வேண்டாம்டா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை. அடுத்த மாதமாவது தனியாக உட்கார்ந்து வரைய வேண்டும் என்று நேரே வாட்ச்மேனிடம் இறங்கிப் போனான்.

"அந்த விளக்கை அடியோட கழட்டி எறிஞ்சுடுங்க. எல்லா வம்பும் அதுலதான் ஆரம்பிச்சுது."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"கழட்டிடலாம் சார். ஆனா உங்க அக்காவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. முன்னாடி மாடியில விளக்கே கிடையாதே, நீங்க கிளாஸ்ல சேர்ந்த மறுநாள் அவங்கதானே பல்பு அனுப்பி மாட்டச் சொன்னாங்க!"