அடிபடாத வீரர்

குத்துச்சண்டையில் இரண்டு பேர் மோதுகிறார்கள் என்பது டிக்கெட் வாங்கியவர்களின் நம்பிக்கை. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். கயிற்றுக்கு வெளியே, மூலையில், தண்ணீர் பாட்டிலும் கையுமாக நின்றுகொண்டு, உள்ளே இருப்பவன் வாங்கும் ஒவ்வொரு குத்துக்கும் பல்லைக் கடித்து, கண்ணை மூடி, வயிற்றை உள்ளிழுத்து, ஆனால் தன்மேல் ஒரு தூசும் படாமல் எல்லாப் போட்டிகளையும் ஜெயிக்கிறவர். அடிபடாத வீரர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம். குத்துச்சண்டையில் மட்டும்தான் இருப்பாரா? எங்கும் இருப்பார். அங்கே விளக்கு வெளிச்சம் அதிகம், அதனால் நன்றாகத் தெரிகிறார்.

நமக்குக் கிடைத்தவர் ஒரு சாம்பியனின் மனைவிக்கு அண்ணன். சாம்பியன் ‘மச்சான்’ என்று கூப்பிட்டதால் ஊருக்கே அவர் மச்சான் ஆனார். அதற்கு முன்னால் டயர் கடையில் வேலை. சாம்பியன் இன்னும் சாம்பியன் ஆகாத காலத்தில், சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் முதல் போட்டியை ஜெயித்தபோது, மச்சான் பக்கத்தில் நின்றிருந்தார். யாரோ போட்டோ எடுத்தார்கள். கொட்டகைக்குள் புழுக்கம். போட்டோவில் இருவரும் சமமாக வியர்த்திருந்தார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு மச்சானுக்கு டயர் கழற்ற மனம் வரவில்லை. கடைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

சாம்பியன் மேலே ஏற ஏற மச்சானும் ஏறினார். பட்டம் கிடைத்ததும் அதோடு கொடுத்த பெரிய பெல்ட்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் நடந்தது அவர்தான். சாம்பியனுக்குத் தோள் வீங்கியிருந்தது. போட்டிக்கு மறுநாள் மச்சான் உடம்பு வலி என்று படுத்துக்கொள்வார். யார் உடம்பு? அவர் உடம்புதான். வெந்நீர் ஒத்தடம் இரண்டு கட்டிலுக்கும் போகும்.

“ஆறாவது ரவுண்டுல நாங்க கொஞ்சம் தள்ளாடிட்டோம்,” என்பார் பார்க்க வந்தவர்களிடம். “நான் சொன்னேன், மாப்பிள்ளை, இடது கையை மேல தூக்குங்கன்னு. தூக்கினாரு. கதை முடிஞ்சுது.”

தோற்ற நாட்களும் உண்டு. “அன்னைக்கு அவரு நான் சொன்னதைக் கேக்கல.”

பயிற்சி கொடுத்த மாஸ்டர் அதிகம் பேசாத மனிதர். மச்சானிடம் அவர் பேசியதெல்லாம் ஒரே வாக்கியம்: “அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்துங்க.”

ஆனால் ஒரு வேலையை மச்சான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ரவுண்டு முடிந்து சாம்பியன் முக்காலியில் வந்து சரிந்ததும், முகத்துக்கு நேரே விரலைக் காட்டி, “மாப்பிள்ளை, எத்தனை?” என்பார்.

“ரெண்டு.”

“சிங்கம்யா! போங்க, இன்னும் ஒரு ரவுண்டு தாங்கும்.”

பார்வை தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்கிறாராம். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. மற்ற விரல்களால் அவர் பாட்டிலைப் பிடித்திருந்தார். மிச்சம் இருந்தது எப்போதுமே இரண்டு விரல்தான்.

கவனித்தது அவர் தங்கை. சில மாதங்களாக வீட்டுக் கதவின் இடது நிலையில் சாம்பியன் முட்டிக்கொண்டிருந்தான். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் இடது பக்கமாக நின்று நாலு விரலை நீட்டி, “எத்தனை?” என்றாள்.

“ரெண்டு,” என்றான், தலை நிமிராமல்.

அவள் சிரிக்கவில்லை. கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இடது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, இனி ஒரு பலமான குத்து விழுந்தால் மிச்சமும் போய்விடும் என்றார் டாக்டர். அடுத்த போட்டியோ பெரிய ஸ்டேடியத்தில் முடிவாகியிருந்தது. மச்சான் அதற்காகவே புது ஜாக்கெட் தைத்து வைத்திருந்தார். முதுகில் அவர் பெயர்.

தங்கை பயிற்சிக்கூடத்துக்கே வந்து விஷயத்தைச் சொன்னாள்.

“டாக்டர் சொன்னாரா? அவர் என்னைக்காவது ரிங்குல ஏறியிருக்காரா?” என்றார் மச்சான்.

“நீ ஏறியிருக்கியா அண்ணா?”

“என்ன பேச்சு பேசுற? இத்தனை வருஷமா ஒவ்வொரு போட்டியிலயும்…”

“கயித்துக்கு உள்ளயா, வெளியவா?”

மாஸ்டருக்குத் திடீரென்று ஒரு மணல்மூட்டையைச் சரியாகத் தொங்கவிடும் வேலை வந்துவிட்டது.

சாம்பியன் கையில் துணி சுற்றிக்கொண்டே சொன்னான்: “விடும்மா. மச்சான் சொல்றதும் சரிதான். இன்னும் ஒண்ணு தாங்கும்.”

“தாங்குமா? அப்ப இங்கயே பாத்துருவோம். அண்ணன் உங்களை அடிக்கட்டும். நீங்க திருப்பி அடிக்க வேணாம், மேல படாம தடுத்தாப் போதும். தடுத்துட்டா நான் வாயே திறக்கல. போய் ஆடுங்க. ஒண்ணு பட்டாலும் இதோட விட்டுடணும்.”

“இவரா? என்னையா?” சாம்பியன் வாய்விட்டுச் சிரித்தான். “சரி.”

மச்சானால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கிளவுஸ் மாட்டினார்கள். கயிற்றுக்கு நடுவே நுழைந்தபோது ஒரு கால் உள்ளேயும் வயிறு வெளியேயுமாக மாட்டிக்கொண்டது. மாஸ்டர் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். மச்சான் குத்தினார், காற்றில் போனது. மறுபடி குத்தினார், சாம்பியன் தலையை மட்டும் அசைத்தான். “மச்சான், மெதுவா. மூச்சு வாங்குது பாருங்க.”

மூச்சுதான் வாங்கியது. கால் தடுக்கியது. விழாமல் இருக்க மச்சான் வலது கையைச் சுழற்றினார், ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி. அகலமான, சோம்பலான, கொட்டாவி விடுவது போன்ற ஒரு சுழற்று. யாரும் பார்த்து விலகிக்கொள்ளலாம். சாம்பியன் சிரித்துக்கொண்டிருந்தான். அது இடது கன்னத்தில் விழும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

உதட்டில் ரத்தம்.

“எங்கேருந்து வந்துச்சு மச்சான்?” என்றான் சாம்பியன். உண்மையாகவே கேட்டான்.

மச்சான் தன் கிளவுஸைப் பார்த்தபடி நின்றார். சாம்பியன் கயிற்றோரம் போய் இரண்டு கைகளையும் மனைவியிடம் நீட்டினான். அவள் முடிச்சுகளை அவிழ்த்தாள். ஸ்டேடியத்துக்கு வேறு ஆள் தேடிக்கொண்டார்கள். கண் பிழைத்தது.

மச்சான் அன்று அழுதார். நிஜமாகவே அழுதார், அதையும் சொல்லிவிட வேண்டும். அழுகை ஒரு வாரம் தாங்கியது.

இப்போது முடிவெட்டும் கடையில் அவர் பேசுவதைக் கேட்கலாம். “சாம்பியனை ரிட்டயர் ஆக வச்சது யாருன்னு நினைக்கிறீங்க? எவனாலும் சாய்க்க முடியல. ஒரே குத்து. வலது கை.”

“அப்ப பெல்ட் உங்களுக்குத்தானே வரணும்?” என்பார் முடிவெட்டுகிறவர்.

“எதுக்குங்க? தங்கச்சி வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்.”

பக்கத்து நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் சாம்பியன் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வான்: “நல்ல குத்துதான்.”

நீங்கள் சிரிக்கலாம். மகள் பரீட்சை எழுதி முடித்த அன்று, ‘கணக்குல கொஞ்சம் கஷ்டப்பட்டோம்’ என்று பக்கத்து வீட்டில் சொன்னது நீங்களாக இருக்காது. வேலையை விட்டுவிடலாமா என்று கண்கலங்கிய மனைவியிடம், நாற்காலியை விட்டு எழாமலேயே, ‘நம்மால முடியும்’ என்று தைரியம் கொடுத்ததும் வேறு யாரோதான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். மச்சானின் வலது கை சுழன்றதே, அந்த இடத்தைப் படித்தபோது உங்கள் கை தன்னால் முஷ்டியாக மடங்கியதா?

விரித்துவிடுங்கள். வீட்டில் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்.