பக்கத்து மண்டபத்துக்குப் போன சீர்

கண்ணாடி ஒருதரம் வாங்கியாச்சுன்னா கண்ணு சோலி முடிஞ்சுதுன்னு இருந்தவன் நான். ஒன்பது வருசம் ஒரே கண்ணாடி. எம்.ரெட்டியபட்டிக்குக் கண் முகாம் வரும்போதெல்லாம் வீட்டுக்காரி கூப்பிடுவா. பருத்தி வேலை கெடக்குன்னு சொல்லிருவேன். (வேலை கெடக்காது. நான்தான் கெடப்பேன்.)

தங்கச்சி மகளுக்கு அருப்புக்கோட்டையில சடங்கு வச்சாக. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பத்தரைக்குள்ள என் கையால மாலை விழணும். நேரம் தப்பினா மாமியா பேச்சுல நான் மிஞ்ச மாட்டேண்ணேன்னு தங்கச்சி நாலு தடவை போன் போட்டுருச்சு.

வெடி, கொட்டு முன்னால. இருபத்தோரு தட்டு பின்னால. நடுவுல மாலையோட நான், ராசா மாதிரி. ரோட்டுல ரெண்டு மண்டபம், ஒட்டி ஒட்டி. முதல் வாசல் ஃபிளெக்ஸ்ல பட்டுச்சேலையில ஒரு பிள்ளை மங்கலாத் தெரிஞ்சுச்சு. பேரு வேறயா இருக்கேன்னு வீட்டுக்காரி முதுகுல தட்டினா.

"என் மருமகள எனக்குத் தெரியாதா?"ன்னேன்.

அவுகளும் மாமனுக்குத்தான் காத்திருந்தாக போல. கொட்டுச் சத்தம் கேட்டதும் முகத்தைக்கூடப் பாக்காம ஆரத்தி எடுத்து, சந்தனம் வச்சு, மேடையில ஏத்திட்டாக. மாலையைப் போட்டேன். நீங்க யாருன்னு அந்தப் பிள்ளை மெதுவாக் கேட்டுச்சு. வெளாட்டுக்குக் கேக்குதுன்னு சிரிச்சேன்.

அப்ப வாசல்ல இன்னொரு கொட்டு. மாலையும் கையுமா ஒருத்தர் மேடையேறினார்.

"நீங்க யாரு?"

"தாய்மாமன்."

"அப்ப நான் யாரு?"

அதுக்குள்ள பக்கத்து மண்டபத்துல இருந்து தங்கச்சி ஓடி வந்துருச்சு. கத்தல. "அண்ணே, எம் மக அங்க உக்காந்திருக்கா"ன்னு மட்டும் சொல்லுச்சு. மணி பத்து இருபது.

அந்த மனுசன் நல்லவர். என் மாலைதான் அவுக பிள்ளை கழுத்துல ஏறிருச்சே. தன் மாலையை என்கிட்ட நீட்டி, "ஓடுங்க"ன்னார். ஓடினேன். பின்னால இருபத்தோரு தட்டும் ஓடுச்சு. கொட்டுக்காரர் ஓடிக்கிட்டே அடிச்சார். பத்து இருபத்தெட்டுக்கு மாலை விழுந்துச்சு. தங்கச்சி மாமியா ஒரு சொல்லு பேசல. சிரிக்கவே நேரம் சரியாப் போச்சு.

மறுநாளே கண்ணு காட்டினேன். கண்ணாடி போட்டவுக வருசத்துக்கு ஒருக்கா காட்டணும்னு டாக்டரம்மா சொன்னாக. எட்டு வருசமாத் தவறாமக் காட்டுறேன்.

பக்கத்து மண்டபத்துக்காரக அன்னையிலருந்து பழக்கமாயிட்டாக. போன மாசம் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்துச்சு. ஓரத்துல பேனாவுல எழுதியிருந்தாக: 'வாசல்ல ஆளு நிக்கும். கையப் பிடிச்சுக் கூட்டியாருவாக.'

இப்ப தங்கச்சி மக எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆளுக முன்னால அந்தப் பத்திரிகையை எடுத்தாந்துருது. வாசிக்கச் சொல்லி என்கிட்டதான் நீட்டும். வாசிக்கிறேன். நல்லாவே தெரியுது.