தேங்காய் எழுந்து நின்ற இடம்

பூங்காவன நகரில் அந்த மார்கழியில் காவிரிக்குப் புதிதாக ஒரு கிளை முளைத்தது. ஆற்றில் அல்ல, ஒரு சாமியார் வாயில்.

உறையூரை ஒட்டிய அந்தக் குடியிருப்பில், காலியாகக் கிடந்த மனையில், ஜலகண்ட சாமிகள் வெறுங்காலோடு நடந்தார். உள்ளங்கையில் படுக்கப் போட்ட தேங்காய். கொஞ்ச தூரம் போனதும் அது அசைந்தது; பிறகு குடுமியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சர்ச்சுக்குப் போகிறவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஏமாறுவதில் என்றைக்கு நமக்குள் மதச்சண்டை வந்திருக்கிறது?

"கீழ காவேரித் தாய் ரகசியமா ஓடுறா. இங்க போர் போட்டா வத்தவே வத்தாது. சுத்தி இருக்கிற கிணறெல்லாம் பொங்கும். தடுத்தீங்கன்னா, கோவிச்சுக்கிட்டுத் திசை மாறிப் போயிடுவா," என்றார் சாமிகள்.

அந்த இடத்தில் மஞ்சளால் வட்டம் போட்டுக் குங்குமம் வைத்தார்கள். மனைக்காரர் ராசப்பன் விழுந்து கும்பிட்டார். கும்பிடாமல் என்ன செய்வார்? அங்கே தண்ணீர் பாட்டில் கம்பெனி வைக்கப் போகிறவரே அவர்தான்.

அதுவரை நகரில் ஒரே சண்டை. "வீடு இருக்கிற தெருவுல லாரி வந்து போனா, பிள்ளைங்க எங்க விளையாடும்?" என்றது ஒரு கட்சி. "நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்கும்ல?" என்றது இன்னொரு கட்சி. கேத்தரினுக்கு லாரியைவிடப் பெரிய கவலை. மனைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். மதிலை ஒட்டி அவள் கிணறு. சித்திரை வெயிலில் தெருவே குடத்தோடு வந்து நிற்கும் கிணறு அது. பக்கத்தில் பெரிய போர் போட்டு ராப்பகலாக உறிஞ்சினால் முதலில் வறண்டு போவது அதுதான்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லிச் சொல்லிப் பாதிப் பேரைத் தன் பக்கம் இழுத்திருந்தாள். அப்போதுதான் ராசப்பன் சாமிகளை இறக்கினார். நிலத்தடி நீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தேங்காயைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சாமிகள் பச்சைமலைக் குகையில் பல வருடம் தவம் இருந்தவராம். அந்தப் பக்கம் பஸ் வருவதே அபூர்வம். பஸ்ஸுக்குக் காத்திருந்ததையும் தவக் கணக்கில் சேர்த்துக்கொண்டாரோ என்னவோ. வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்தார். தட்சிணைத் தட்டு முன்னால் போனது, அவர் பின்னால் போனார்.

கேத்தரினின் கணவன் ஆசீர்தான் சங்கச் செயலாளர். அவனும் கவிழ்ந்துவிட்டான்.

"ஏங்க, நீங்க எம்.எஸ்ஸி. படிச்சவருதானே?"

"கண்ணால பார்த்தேன் கேத்தி. தேங்காய் தானா எந்திரிச்சுது."

"அவர் கையில இருந்துச்சுங்க. தரையிலயா இருந்துச்சு?"

ஆசீர் பேப்பரை விரித்துக்கொண்டான். அது முந்தின நாள் பேப்பர்.

காணும் பொங்கல் வந்தது. வருடா வருடம் அந்த மனையில்தான் உறியடி நடக்கும். கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கையில் கம்பைக் கொடுத்து, மேலே தொங்கும் பானையை அடிக்கச் சொல்வார்கள். சுற்றி நிற்பவர்கள் கத்திக் கத்தி வழி சொல்வார்கள். தப்பான வழியைத்தான் சொல்வார்கள். உறியடி தர்மம் அதுதான். இந்த வருடம் பரிசெல்லாம் ராசப்பன் உபயம். சிறப்பு விருந்தினர் சாமிகள். ஆட்டம் முடிந்ததும் சங்கத்தார் சம்மதக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

எதிர்வீட்டு ஆரிஃப் பானையை அடிக்கப் போய்ப் பந்தல்காலை அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கண்கட்டை அவிழ்த்தான். ஆட்டக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் மைக் கேத்தரின் கையில் இருந்தது. அந்தத் துணியைப் பார்த்தாள். சாமிகளையும் பார்த்தாள்.

"சாமி, நாங்க கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால இன்னொரு தடவை காவேரியைக் காட்டுங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு."

"சந்தேகப்படுற இடத்துக்குத் தாய் வரமாட்டா," என்று சாமிகள் எழுந்திருக்கப் பார்த்தார்.

அவரை மாட்டிவிட்டது கேத்தரின் அல்ல, அவருடைய பக்தகோடிகள்தான். தீர்த்தத்துக்கு முதல் ஆளாகக் கை நீட்டும் மயிலம்மாள் முன்னால் வந்தார்.

"நீங்க பண்ணுங்க சாமி. கண்ணைக் கட்டுனா உங்களுக்குத் தெரியாமப் போயிடுமா? இந்தப் பொண்ணு வாயை அடைக்கணும்."

கூட்டம் கை தட்டியது. பக்தி முற்றிவிட்டால் சாமியாருக்கே தப்ப வழியில்லை.

ஆரிஃப் துணியை இறுக்கிக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டான். சாமிகள் தேங்காயோடு நடந்தார். மஞ்சள் வட்டத்தை நட்டநடுவில் மிதித்தார். குங்குமம் காலில் ஒட்டியது. தேங்காய் குறட்டை விடாத குறையாகத் தூங்கியது. வட்டத்தைத் தாண்டியும் போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு வாய் சும்மா இருக்குமா? "இடது பக்கம் சாமி. இன்னும் இடது. நேரா, நேரா," என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்கள். சாமிகளுக்கு உயிர் வந்தது. அவர்கள் சொன்ன பக்கமெல்லாம், மனையைத் தாண்டி ஒரு வீட்டு ஓரம் வரைக்கும் போனார். "அதான், அதான்," என்று கூச்சல் உச்சத்துக்குப் போனதும் தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது.

"வந்துட்டா தாய். பிரவாகமா ஓடுறா. இந்தத் தண்ணி அமிர்தம்."

மயிலம்மாள்தான் மெதுவாகச் சொன்னார்:

"சாமி, அது எங்க வீட்டு செப்டிக் டேங்க்."

மண் மூடிக் கிடந்த மூடியின் மேல் நின்றுகொண்டு சாமிகள் கண்கட்டை அவிழ்த்தார். சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. "இருந்தாலும் கீழ தண்ணி இருக்கிறது நிஜம்தானே," என்றார் ஒரு பக்தர். "அப்ப அதையே பாட்டில்ல அடைச்சு விக்கச் சொல்லுங்க," என்றான் ஆரிஃப்.

ஆசீர் அந்தத் தேங்காயை வாங்கினான். உள்ளங்கையில் படுக்க வைத்து, கையை லேசாகச் சாய்த்தான். இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாவது தடவை குடுமியோடு எழுந்து நின்றது. அவன் அசட்டுச் சிரிப்போடு மனைவியைப் பார்த்தான்.

"கேத்தி, எனக்கும் காவேரி வந்துட்டா."

சாமிகளும் ராசப்பனும் எந்த நேரத்தில் நழுவினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றே கையெழுத்துகள் விழுந்தன, ஆனால் கம்பெனிக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் மனுவில். கேத்தரினுக்குக் கிணறு பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. மயிலம்மாள் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"எதுக்கும் வேற நல்ல சாமியாரா பார்த்து ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"அவருக்குக் கண்ணைக் கட்டின பிறகுதான்க்கா தெரியாமப் போச்சு. நமக்குக் கண்ணு நல்லாத் திறந்திருக்கும்போதே தெரியலையே," என்றாள் கேத்தரின். "அதுக்கு எந்தச் சாமியார்கிட்ட போறது?"