சொம்பு சாரும் வரைபடத்தில் இல்லாத கிணறும்

கொங்கு நாட்டில் சொம்பு சார் குடித்துப் பார்க்காத கிணறு ஒன்றுகூடக் கிடையாது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில், ஆலை கட்டுபவர்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. காற்று, இரைச்சல், மண், மரம், பறவை, பக்கத்து ஊர் ஜனங்கள் என்று சகலமும் அதில் வரவேண்டும். தண்ணீர் மட்டும் சொம்பு சாருடைய இலாகா. கிணற்றுக்குக் கிணறு லேபுக்கு ஒரு பாட்டில் பிடிப்பார்; பையிலிருந்து பித்தளைச் சொம்பை எடுத்துத் தானும் குடிப்பார். லேப் ரிசல்ட் வருவதற்குள் அவர் ரிசல்ட் வந்துவிடும்.

"ஏனுங்கம்மணி, சூலூர் பத்தாம் நம்பர் கெணறு சப்புனு இருக்குதுன்னு அடிச்சுப்போடுங்க."

ஆங்கில அறிக்கையில் 'சப்பு'வுக்கு நான் எங்கே போவது? தலையில் அடித்துக்கொள்வேன். மனுஷருக்கு அடிக்கடி வயிறு கெட்டுவிடும். லீவ் லெட்டரில் காரணம், 'கிணறு எண் எட்டு' என்றிருக்கும்.

பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை போட ஒரு முதலாளி வந்தார். கழிவுநீர்க் குட்டைக்கு அவர் குறித்த இடத்தை ஒட்டி ஒரு கிணறு. ஒரு வளவில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் குடிதண்ணீர் அதுதான். கிணறு அறிக்கையில் இருந்தால் குட்டையைத் தள்ளி வெட்ட வேண்டும். முதலாளி கொடுத்த வரைபடத்தில் கிணறே இல்லை.

"அது பாழுங்கெணறுங்க, உட்டுப்போடுங்க" என்றார் மேனேஜரிடம். மேனேஜரும் தலையாட்டிவிட்டார். சொம்பு சார் வரைபடத்தை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தார். நானும் கிணறில்லாமலேயே அறிக்கையை அடித்து முடித்தேன்.

அறிக்கையில் கையெழுத்துப் போட முதலாளி வந்த அன்று காப்பி வந்தது. ஒரு வாய் குடித்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! சிறுவாணித் தண்ணிதானுங்களே?"

கதவோரத்திலிருந்து சொம்பு சார் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார். "இல்லீங்க. நீங்க பாழுன்னு சொன்ன கெணத்துத் தண்ணிங்க. காத்தால மொத பஸ்ஸுல போயி சேந்திட்டு வந்தனுங்க."

மேனேஜர் ஃபேனைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். முதலாளி டம்ளரையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னொரு டம்ளர் குடுங்க" என்றார் கடைசியில். "குட்டையத் தள்ளிப் போட்டுக்கலாமுங்க."

அன்று சாயங்காலம் அந்தக் கிணற்றை அறிக்கையில் சேர்த்து, அதற்கு நேராக, சொம்பு சார் கேட்காமலேயே 'ஸ்வீட்' என்று அடித்து வைத்தேன். அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.