முலாம்பழக் காட்டு வெற்றி

அறுபது ஆண்டுகள் ஒரே மணிமுடியின் கீழ் இருந்த கடல்நாடும் மேட்டுநாடும் பிரிந்தன. பிரிந்த நான்காம் ஆண்டில், எல்லையிலிருந்த ஒரு முலாம்பழக் காட்டில் பீரங்கிகளோடு மோதின. காலையில் மேட்டுநாடு வென்றது. அதன் வீரர்கள் எதிரியின் மூட்டைகளைக் கொள்ளையிடக் கலைந்ததால், மாலையில் கடல்நாடு வென்றது. பிறகு இரண்டு படைகளும் ஊர் திரும்பின. இரண்டு தலைநகரங்களிலும் வெற்றி மணி அடித்தார்கள்.

கடல்நாட்டு அரசர் ஆணையிட்டார்: வென்ற படையில் எவரும் சாவதில்லை. முலாம்பழக் காடு புனித இடம். யாரும் நுழையக் கூடாது.

மதலேனாவின் கணவன் கஸ்பார் அந்தக் காட்டில்தான் கிடந்தான். அவள் வருகைப் பதிவு அதிகாரி சில்வேராவிடம் போனாள்.

"ஐயா, என் வீட்டுக்காரரு செத்துட்டாரு. அடக்கம் பண்ணணும். ஒரு நாள் உள்ள விடுங்க."

சில்வேரா பதிவேட்டைப் புரட்டினார். "கஸ்பாரா? இன்னைக்குக் காலையிலகூட 'இருக்கேன்'னு சொன்னானேம்மா."

"எவன் சொன்னான்?"

"பக்கத்துல நின்னவன். படையில அதுதான் வழக்கம்."

ஆனால் ஒவ்வொருவனும் நான்கு பேருக்குக் குரல் கொடுத்ததில் பலருக்குத் தொண்டை கட்டியது. எனவே இரண்டாம் ஆணை வந்தது: வர இயலாத வீரருக்காக அவர் மனைவி பதில் சொல்ல வேண்டும். தவறினால் வீரர் ஓடிப்போனவராகக் கருதப்படுவார். வீடு அரசுக்குச் சேரும்.

மதலேனா தினமும் கணவனின் தொப்பியை அணிந்து வரிசையில் நின்றாள். "இருக்கேன்" என்றாள்.

ஓராண்டு கழித்துப் பதிவேட்டைப் பார்த்த அரசர் கண்கலங்கினார். ஒரு தலைகூடக் குறையாத படை! உடனே அதே இடத்தில் மறுபடியும் போர் அறிவித்தார். பதில் சொன்னவர்கள் புறப்பட வேண்டும்.

மதலேனா துப்பாக்கியோடு ஒரு மண்வெட்டியும் கேட்டாள்.

"அது எதுக்கு?"

"பதுங்குகுழி வெட்ட, ஐயா."

"கஸ்பாருக்கு எப்பவும் முன்யோசனை உண்டு" என்று சில்வேரா பாராட்டிக் குறித்துக்கொண்டார்.

காட்டின் மறுபுறம் மேட்டுநாட்டுப் படை வந்து நின்றது. அங்கும் தொப்பிகள் தலைக்குப் பொருந்தவில்லை. அவர்களிடமும் மண்வெட்டிகள் இருந்தன. யாரும் சுடவில்லை. இரு பக்கத்தாரும் முலாம்பழக் கொடிகளை விலக்கித் தேடினார்கள். தான் தைத்துக் கொடுத்த இடுப்புவாரை வைத்து மதலேனா கஸ்பாரை அடையாளம் கண்டாள். ஆழமாகவே குழி வெட்டினாள்.

மாலையில் சில்வேரா பெயர்களை வாசித்தார்.

"கஸ்பார்!"

மதலேனா மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கஸ்பார்!"

வரிசையில் மற்றவர்களும் மண்வெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதி முடித்த வெற்றிச் செய்தியுடன் அரண்மனைத் தூதர் குதிரைமேல் காத்திருந்தார். சில்வேரா சுற்றிலும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இருக்கேன்" என்றார். குறியிட்டார். அடுத்த பெயரை வாசித்தார்.