அப்பாவின் கோதுமை விரதம்

சண்டை முடிந்த வருடம். அறிவிப்புகளைக் கேட்டுக் கேட்டு நாடே களைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் அப்பா கனகசூரியமும் ஓர் அறிவிப்பு விட்டார். இனிமேல் செட்டிபாளையத்தில், குறைந்தது எங்கள் வீட்டுக்குள்ளாவது, கோதுமை மா நுழையக் கூடாது.

"சுனாமி முகாமில திண்ட மாதான் என்ட குடலைக் கெடுத்துப்போட்டுது," என்று வயிற்றைத் தடவினார். வயிறு நல்ல ஆரோக்கியமாக முன்னுக்கு நின்றது.

அம்மா நம்பவில்லை. நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் வாதாடினேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிப்பது வேறு எதற்கு? கோதுமையில் குளுட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. சிலரின் உடம்பு அதைப் பகையாக நினைத்துப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். கடைசியில் தன் குடலையே தாக்கும். செலியாக் நோய் என்று பெயர். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாவின் தலைக்கு மேல் நின்று இவ்வளவையும் விளக்கினேன். புருசனின் வயிற்று வருத்தத்தை நம்ப மறுப்பது என்ன நியாயம் என்றும் கேட்டேன்.

சரி, அரிசியை மில்லில் மாவாகத் திரிப்போம் என்றார் அம்மா. அதையும் நான் விடவில்லை. அதே மில்லில்தான் சத்துமாவுக்குக் கோதுமையும் திரிக்கிறார்கள். ஒரு தூசு ஒட்டினாலும் போதும் என்றேன். அப்பா என்னைப் பெருமையோடு பார்த்தார்.

அன்றிலிருந்து அம்மா விடியமுன் எழும்பி உரலில் அரிசி இடித்தார். காத்தான்குடியில், ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மஜீட் காக்காவின் புடவைக்கடைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது அம்மாவின் தொழில். இப்போது தையல் மெஷின் பெரும்பாலும் மூடியே கிடந்தது. வீடெல்லாம் தைலம் மணத்தது. நான் அந்த மாவில் அவித்த பிட்டைச் சாப்பிட்டுவிட்டு விரிவுரைக்குப் போனேன்.

நாலு மாதம் போன பிறகு ஒருநாள் அம்மா சொன்னார்: "ரத்தம் சோதிச்சுப் பாப்பம்."

அப்பாவின் முகம் மாவாக வெளுத்தது. நான்தான் ஓடிப்போய்த் தாங்கினேன். கோதுமை சாப்பிடுகிறவர்களின் இரத்தத்தில்தான் அந்தப் பிறபொருளெதிரிகள் தெரியும். மாதக்கணக்காக நிறுத்தியவருக்கு, நோய் இருந்தாலும் இல்லையென்றே வரக்கூடும். ஆகவே சோதனை வீண் என்றேன்.

அப்பாவுக்கு உடனே இரத்த ஓட்டம் திரும்பியது. "அப்ப போவம்," என்றார். "வீணெண்டாலும், உங்கட அம்மாட மனத்திருப்திக்கு."

டவுனில் டொக்டரும் நான் சொன்னதையே சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளும், கோதுமை சாப்பிட்டுவிட்டு வந்தால் இரத்தம் எடுக்கலாமாம்.

"ஆறு கிழமையோ?" அப்பா வயிற்றைப் பிடித்தார். "விசத்தைத் திண்டுபோட்டு வரச் சொல்றீங்களா டொக்டர்?"

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"தேவையில்ல டொக்டர். இப்பவே எடுக்கலாம். இவர் கந்தோரில வேலை முடிஞ்சு வாற வழியில, ஒவ்வொரு நாளும் சரீப் காக்காட கடையில பராட்டா திங்கிறவர். நேற்று மூண்டு. நான் பக்கத்துப் புடவைக்கடையில சட்டை குடுத்துக்கொண்டு நிண்டனான்."

டொக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் தோளைப் பார்த்தேன். சட்டைக் கழுத்தோரம் நோவுக்குப் போடும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத குளுட்டனையெல்லாம் கண்டுபிடித்த எனக்கு, இத்தனை நாளும் அது தெரியவில்லை. குனிந்துகொண்டேன்.

"கையை நீட்டுங்க ஐயா," என்றார் டொக்டர்.

வீடு வரும்வரை பஸ்ஸில் அப்பாவோடு நான் பேசவில்லை. கோபம்தான். ஆனால் வாயைத் திறந்தால், இதில் என் பங்கு என்ன என்று அவர் கேட்பாரோ என்ற பயமும் இருந்தது.

கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்தது. பிறபொருளெதிரி எதுவும் இல்லை.

"நல்லதாப் போச்சு," என்றார் அப்பா, பெருந்தன்மையாக. "இனி ரொட்டியே சுடு."

அம்மா தன் வயிற்றைத் தடவினார். "எனக்கு இப்ப கோதுமை ஒத்துவராது போலக் கிடக்கு. இடிச்ச அரிசிமாதான் வேணும். தோள் ஏலாது. நீங்கதான் இடிக்கணும்."

"உனக்கென்ன வருத்தம்? ரத்தம் சோதிச்சாத் தெரியும்."

"சோதிச்சு என்ன? உங்கட விரதத்தில நாலு மாதமா நானும் கோதுமை தொடல்ல. வருத்தம் இருந்தாலும் காட்டாது. மகள்தானே படிச்சுச் சொன்னவள்."

"அப்ப ஆறு கிழமைக்குத் திண்டுபோட்டு..."

"விசத்தையோ?"

அப்பா என் பக்கம் திரும்பினார். எங்காவது ஓட்டை இருக்குமா என்று அந்த வாதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. அவ்வளவு இறுக்கமாக நான்தான் கட்டிக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் விடியமுன் உரலடியில் அப்பா. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாவமே என்று நான் எட்டிப் பார்த்தேன். மெஷினை நிறுத்தாமலே அம்மா சொன்னார்:

"மற்ற உலக்கை வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள கிடக்கு, மகள்."