முழு நிலா கிடைக்காவிட்டால் அரை நிலாவும் போதும்

லிண்ட் கிராசிங், அயோவா
1994 செப்டம்பர் 21, புதன்கிழமை

அன்பு மைத்துனன் டுவெய்னுக்கு, உன் அக்காள் கணவன் எல்டன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் சுகம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும், உனக்குப் புதிதாக வைத்த முழங்காலும் ஒருவரோடொருவர் ஒத்துப்போக ஆண்டவர் அருள்புரியட்டும். சோயா மஞ்சளாகிவிட்டது. மழை போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்துவிட்டது.

நிற்க. பீனிக்ஸ் துப்பாக்கிச் சந்தையில் இரண்டு டஜன் நிலா கிளிப் கிடைத்தது, பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். டுவெய்ன், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்த நல்ல முழங்கால் இருக்கும் காலையே பிடித்துக் கேட்கிறேன், அனுப்பாதே. இங்கே தபால் கொண்டுவரும் ஷெரில் எந்தப் பார்சலையும் குலுக்கிப் பார்க்காமல் கொடுக்கமாட்டாள். அது கலகலவென்றால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். கிளிப் கிளிப் என்று வசந்த காலத்திலிருந்து உன் உயிரை எடுத்தவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது என் மானம், மரியாதை, அதற்கும் மேலே ஒன்று, எல்லாம் அந்தப் பார்சல் வராமல் இருப்பதில்தான் தொங்குகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் தாத்தாவின் 1917 மாடல் ரிவால்வரை உன் அக்காள் லவோனின் துணி அலமாரியிலிருந்து எடுத்தேனா, எண்ணெய் போட்டுத் துடைத்தேனா, கையில் பிடித்தால் வெண்ணெய் மாதிரி உருளை சுற்றுகிறது. ஆனால் அதன் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு கிடையாது. சுட்ட பிறகு வெற்றுக் கூட்டை வெளியே தள்ளப் பிடிமானமே இல்லை. அதற்காகத்தான் அந்தக் காலத்தில் மெல்லிய எஃகுத் தகடு செய்தார்கள், அதுதான் நிலா கிளிப், மூன்று தோட்டாவைக் கவ்வினால் அரை நிலா, ஆறையும் கவ்வினால் முழு நிலா. அது இல்லாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா, லவோனின் எட்டாம் நம்பர் பின்னல் ஊசியை வைத்து ஒவ்வொரு கூடாகக் குத்தி வெளியே எடுத்தேன். ஆறு தோட்டா சுட அரை நிமிஷம், ஆறு கூடு குத்த கால் மணி நேரம். சுடும் மன்றத்தில் ஹார்லன் என் பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஏம்ப்பா எல்டன், நீ சுடுறியா, ஸ்வெட்டர் பின்றியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காபி டின்னை வெட்டி நானே ஒரு கிளிப் செய்தேன். நாலாவது தோட்டாவுக்கு அது வளைந்துபோய், உருளை நகரமாட்டேன் என்று சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டது. தபாலில் வரவழைத்ததோ வேறு மாடலுக்கு உள்ளது, கிளிப்பைப் போட்டால் உருளை மூடவில்லை, மூடினால் கிளிப் இல்லை.

சரி, உள்ளூரிலேயே யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும் என்று தீவனக் கடைப் பலகையில் ஒரு கார்டு குத்தி வைத்தேன். துப்பாக்கி என்ற சொல் பலகையில் வரக்கூடாது என்பது கடைக்காரரின் சட்டம். தெரிந்தவனுக்குத் தெரியும் என்று நான் இப்படி எழுதினேன்: "தேவை: முழு நிலா. கிடைக்காவிட்டால் அரை நிலாவும் போதும். 1917. பழசானாலும் பரவாயில்லை. மாலையில் வீட்டில்தான் இருப்பேன். எல்டன் ரூட்." ஒரு பக்கம் வைக்கோல் விற்பனை, மறுபக்கம் பூனைக்குட்டி இலவசம், நடுவில் நான்.

ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். கதவைத் திறந்தால் ஆர்டிஸ் க்வாம். உனக்கு ஞாபகம் இருக்கும், நம் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள், கணவன் மெர்ல் போய் ஆறு வருஷம் ஆகிறது. கையில் ருபார்ப் கேக்.

"நிலா கேட்டிருந்தீங்களே?" என்றாள்.

"ஆமா ஆமா! இருக்கா?"

"இருக்கே. இன்னும் அரை மணியில வந்துடும். கோட்டைப் போட்டுட்டு வாங்க."

யாரோ கொண்டுவந்து தருகிறார்கள் என்று நினைத்து, அளந்து பார்க்க ரிவால்வரையும் எடுத்துவரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, அதற்குள் அவளே பேசிவிட்டாள். "1917ன்னு போட்டிருந்தீங்க. எழுபத்தேழு வயசுன்னு சத்தியமா சொல்லவே முடியாது எல்டன்!" எனக்கு அறுபத்தெட்டு. அசடு வழிய, "எல்லாம் ஓட்ஸ் கஞ்சிதான்" என்றேன். அன்றிலிருந்து தேவாலயப் படியில் ஏறும்போதெல்லாம் யாராவது என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அவளுடைய டிரக்கின் பின்பலகையைத் தாழ்த்தி இரண்டு பேரும் உட்கார்ந்தோம், எதிரே சோயா வயல். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன், கிளிப் கொண்டுவரும் வண்டிக்காக. அப்போது தானியக் கிடங்குக்குப் பின்னாலிருந்து அது எழும்பியது டுவெய்ன். சாலைப் புழுதியில் சிவந்து, அவ்வளவு பெரிதாக, சத்தமே இல்லாமல். முப்பத்தோரு வருஷம் அதே கிடங்கில் லாரி எடை போட்டிருக்கிறேன், தராசு முள்ளைப் பார்த்தேனே தவிர ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வயலெல்லாம் பால் கொட்டியது போலாகி, எங்கேயோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று எனக்குத் தெரியாது. "பாருங்க, நீங்க கேட்டது வந்துடுச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். நான் எதற்காக வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அப்புறம் செப்டம்பர் 12ஆம் தேதி மறுபடி வந்தாள். "அரை நிலாவும் போதும்னீங்களே, அதை மட்டும் எதுக்கு விடணும்?" என்றாள். அன்று மரக்கட்டை மாதிரி விறைத்து உட்கார்ந்து, இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை தொண்டையைச் செருமினேன். மூன்று தடவையும் அவள் எனக்கு இருமல் என்று நினைத்து காபி ஊற்றிக் கொடுத்தாள். போன திங்கட்கிழமை மறுபடி முழு நிலா. அவள் கை என் கைமேல் இருந்தது, யார் முதலில் வைத்தது என்று கேட்காதே. அப்போது சொல்கிறாள்: "ஞாயித்துக்கிழமை என் பொண்ணு க்வென் சாப்பாட்டுக்கு வர்றா. நீங்களும் வரணும். உங்களைப் பத்தி அவகிட்ட சொல்லிட்டேன். தீவனக் கடையில பேரைப் போட்டு நிலா கேட்ட மனுஷன் இந்த உலகத்துலயே ஒருத்தர்தான்னு."

இப்போது புரிகிறதா? நான் நிலா கேட்டவன் இல்லை, தகடு கேட்டவன். அது தெரிந்தால் ஆர்டிஸ் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன், அவள்தான் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? ஊரே சிரிக்கும். ஹார்லன் ஒருத்தன் போதும், கிறிஸ்துமஸ் வரைக்கும் சிரிப்பான். பொய்யைச் சொன்னேனா என்றால் இல்லை. உண்மையைச் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை. உன் அக்காள் கணவனாக இதை உனக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. லவோன் போய் நாலு வருஷத்தில் ஒருநாள்கூட நான் அவளை நினைக்காமல் தூங்கியதில்லை, இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன் டுவெய்ன், ஆர்டிஸை இழக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே பார்சலை அனுப்பாதே. அக்டோபரில் வரும்போது தாத்தா துப்பாக்கியைச் சுடுவோம் என்று ஆசைப்பட்டாய், ஊசியால் குத்தியே சுடுவோம், நான் குத்துகிறேன். கிளிப் என்ற வார்த்தை மட்டும் உன் வாயில் வரக்கூடாது. தாள் செருகும் கிளிப்பாக இருந்தாலும் கூடாது.

கரோலினுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் முழங்காலைப் படிகளில் சோதித்துப் பார்க்காதே.

என்றும் உன் அன்புள்ள,
எல்டன் ரூட்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள். பார்சலை அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. கடிதத்தைச் சமையலறை மேசையில் விரித்தபடி வைத்துவிட்டுத் தபால்தலை தேடப் போனேன். திரும்பி வந்தால் கேக் தட்டை வாங்கிப்போக வந்த ஆர்டிஸ் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். "உங்க எழுத்து ரொம்பப் பெருசு எல்டன், படிக்காம இருக்க முடியல" என்றாள். நேராக டிரக்குக்குப் போய் ஒரு புகையிலை டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். நாற்பது முழு நிலா, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒன்றில்கூட துரு இல்லை. மெர்லிடமும் ஒரு 1917 இருந்ததாம், அதை விற்றபோது கூடவே டப்பாவைக் கொடுக்க மறந்துவிட்டானாம். கார்டைப் பார்த்த நிமிஷமே நான் கேட்பது தகடு என்று அவளுக்குத் தெரியுமாம், முதல் நாள் வந்தபோதே டப்பா டிரக்கில்தான் இருந்ததாம். "அப்ப அன்னைக்கே ஏன் குடுக்கல?" என்று கேட்டேன். "குடுத்திருந்தா, ரொம்ப நன்றி ஆர்டிஸ்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தியிருப்பீங்க" என்றாள். சாத்தியிருப்பேன் டுவெய்ன். சத்தியமாகச் சாத்தியிருப்பேன்.